மூன்றாம் கட்டத்துப் பேச்சு

“மூலத்தக் காட்டுங்க சார்.”

இசக்கியம்மாள் உட்காரக்கூட இல்லை. கதவைத் திறந்த கையோடு கேட்டுவிட்டாள். டீயை ஆற்றிக்கொண்டிருந்த கண்காணிப்பாளர் குழந்தைவேலுவின் கை அந்தரத்தில் நின்றது.

வேலைக்குச் சேர்ந்த அன்று பக்கத்து இருக்கை ஸ்டெல்லா அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது ஒன்றுதான். “லீவு கேளு, சம்பளத்தக் கூட்டிக் கேளு, ஏசியக் கொறைக்கச் சொல்லிச் சண்ட போடு. மூலத்த மட்டும் கேட்டுராதட்டி. கேட்டவ ஒருத்தி இருந்தா. இப்ப நீ உக்காந்திருக்கது அவ சீட்டு.”

குழந்தைவேலு கோபப்படவில்லை. “எதோட மூலம் அம்மிணி?” என்றார்.

“காலையில என் திரையில வந்த பக்கத்தோடது. வேலம்மாள், உப்பளத் தொழிலாளி, அளத்துக்குடி. எங்கக்கா.”

அவர் ஒரு வாய் டீ குடித்தார். “கதவச் சாத்திட்டு வந்து உக்காரு.”

குற்றம் நடந்த பிறகு விசாரித்து என்ன புண்ணியம், நடக்கும் முன்னே பிடிப்போம் என்று சொல்லிக் கோர்ட்டுகளை இழுத்து மூடியபோது இசக்கி பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. யார் கையில் நாளைக்கு ரத்தம் படியும் என்பதை இயந்திரம் சொல்லும். முன்காவல் துறையின் ஆட்கள் போய் ஆளை அள்ளிக்கொண்டு வருவார்கள். முகத்தை மூடிய கண்ணாடிக் கவசத்தோடு வருவதால் ஊரில் அவர்களுக்குக் கண்ணாடித்தலை என்று பேர். அவர்கள் அள்ளிக்கொண்டு போன ஆள் திரும்பி வந்து யாரும் பார்த்ததில்லை.

ஆனால் செய்யாத குற்றத்துக்கு ஒருவனைத் தூக்கினால் தெரு சும்மா இருக்குமா? அதற்காகத்தான் படக்கதை போட்டார்கள். தூக்குகிற அன்றே, அவன் செய்யவிருந்ததை நாலு கட்டமாக வரைந்து தெருச் சுவரில் ஒட்டிவிடுவார்கள். முதல் கட்டத்தில் ஆள் சாதாரணமாக இருப்பான், டீ குடிப்பான், பீடி பற்றவைப்பான். இரண்டாவதில் சண்டை. மூன்றாவதில் கொலை, கொல்கிறவன் வாயிலிருந்து ஒரு பேச்சுக்குமிழ் கிளம்பும். கொல்லப்படுகிறவர் யாரென்று தெரியாமல் வெறும் கறுப்பு நிழலாக வரைந்திருப்பார்கள். நாலாவதில் கண்ணாடித்தலை வந்து நின்று, இடுப்பில் கைவைத்து, ‘சட்டம் தன் கடமையைச் செய்யும்’ என்பான். அந்தக் குமிழ் மட்டும் எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரி அச்சாகிவரும். கதை அவனுடையது. எத்தனை பேர் வந்து போனாலும் கதாநாயகன் அவன்தான்.

ஊர் அதை டீயோடு சேர்த்துப் படித்தது. “அந்தாள் நாலு கட்டத்துல வந்துட்டான்” என்றால் அதோடு அவன் பேச்சு முடிந்தது. பெண்டாட்டிகூட வாசல் பக்கம் வந்து அழமாட்டாள். அளத்துக்குடிப் பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. தலையில் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு வந்து அந்தக் கடைசி வரியை யார் உரக்கச் சொல்வது என்று அடித்துக்கொள்வார்கள்.

படம் இயந்திரம் போட்டது. பேச்சுதான் அதற்கு வரவில்லை. ஆரம்பத்தில் உப்பளத்துக்காரன் ஒருவன் மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு ‘உன் உயிரைப் பறிக்கப் போகிறேன்’ என்று செய்தி வாசிக்கிற தமிழில் சொன்னான். டீக்கடை சிரித்தது. வெறுப்பைத் தாங்குகிற சட்டத்தால் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. அந்தந்தப் பகுதிப் பேச்சு தெரிந்த பட்டதாரிகளைப் பேச்செழுத்தர்களாக எடுத்தார்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு முன்னுரிமை என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இயந்திரம் எல்லாவற்றையும் முன்கூட்டியே கண்டுவிட்டது, அந்தப் பதிவுதான் மூலம், நீங்கள் அதை ஊர்ப் பேச்சில் மாற்றினால் போதும் என்றார்கள். இசக்கி நம்பினாள். படித்தவர்கள் சொல்வதை நம்பத்தானே அவளைப் படிக்க வைத்தார்கள்.

நன்றாக எழுதினாள். அவள் எழுதின குமிழைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. சுவரில் படித்துவிட்டு, “ஆமா, அவன் இப்படித்தான் பேசுவான்” என்று தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலைப் பார்த்து அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்திருக்கிறது. இன்று காலையில் திரையில் அக்காவின் முகம் வரும்வரை.

“மூலத்தப் பார்த்து என்ன பண்ணப்போற?” என்றார் குழந்தைவேலு.

“எங்கக்கா யாரக் கொல்லப் போறான்னு பாக்கணும். கோழியறுக்கச் சொன்னாலே மூஞ்சியத் திருப்பிக்கிடுவா சார் அவ.”

“கோழி வேற, கோபம் வேற.”

“கோபம் எனக்குந்தான் வருது. இப்பக்கூட வருது.”

அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு. மேற்கே கொங்குப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்செழுத்தர்களுக்கு ஊரிலிருந்து தேங்காய் பன் வாங்கி வருவார். “இதுக்கு முன்னால ஒரு புள்ள கேட்டுச்சு. காட்டுனேன். அழுதுச்சு. அழுவுறவங்கள வெச்சுக்கிட்டு இங்க வேல ஆகாது. நீ அழுவுற ஆளில்ல. அதனால உனக்கும் காட்டுறேன். பார்த்துப்போட்டு வேலயப் பார்க்கோணும். என்ன?”

திரையை அவள் பக்கம் திருப்பினார்.

அதில் படம் இல்லை. கொலை இல்லை, மண்வெட்டி இல்லை, நாளையும் இல்லை. அக்காவின் அடையாள அட்டைப் புகைப்படம் ஒன்று. அதற்குக் கீழே ஒரு ஒலித்துண்டு. அவ்வளவுதான்.

“மிச்சம் எங்க சார்?”

“மிச்சம்னு எதுவும் கெடயாது அம்மிணி. இதுதான் மூலம். கேளு.”

அவர் தட்டினார். தெருநாய் ஒன்று குரைத்தது. பாத்திரம் உருளும் சத்தம். அதற்குப் பிறகு வேலம்மாளின் தொண்டை கட்டின குரல்.

“ஏட்டி, ஒரு வாய் திங்காம வாசல் தாண்டுன, ஒன்ன உயிரோட உப்புக்குள்ள போட்டு மூடிருவேன் பாத்துக்க. நாறக்கூட மாட்ட.”

இசக்கிக்கு அந்த இடம் கண்ணில் வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை. அக்கா கையில் சோற்றுத் தட்டு, நெத்திலிக் குழம்பு. இவள் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். “மூடு, மூடு. ஆபீஸ்ல ஒரு வாரம் லீவு கெடைக்கும்” என்று இவள் சொன்னதும், அக்கா சிரித்து, நின்ற வாக்கில் ஒரு உருண்டையை இவள் வாயில் திணித்ததும் அந்தத் துண்டில் இல்லை.

அளத்துக்குடியில் அன்பைச் சொல்லத் தனியாகப் பேச்சு கிடையாது. வெட்டுவேன், பொதைப்பேன், உப்புக்குள்ள மூடுவேன் என்று சொல்லித்தான் பிள்ளைக்குச் சோறூட்டுவார்கள். வெயிலில் கண் எரிய, காலில் உப்புநீர் அரிக்க அளத்தில் நின்றுவிட்டு வருகிற பெண்களுக்கு நயமாகப் பேசத் தெம்பு இருக்காது. யாராவது ‘சாப்பிடும்மா’ என்று மெதுவாகச் சொன்னால்தான் அங்கே பயப்படுவார்கள். யாரோ செத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

“இது என்ட்டச் சொன்னது சார்.”

“தெரியும். கொல்லப்படுற ஆள் எடத்துல உன்ற பேருதான் இருக்குது. அந்தக் கறுப்பு நிழல் நீதான்.” அவர் குரல் தணிந்தது. “உன்னக் காப்பாத்தத்தான் இத்தனையும்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த இடத்திலேயே செத்தது.

“சோறு போடுறதுக்கு ஏசுனது இது. இத வச்சுக் கொலகாரின்னு எப்படிச் சொல்லுது?”

“பேச்ச வெச்சுத்தான். தெருவெளக்குல எல்லாம் காது இருக்குதுன்னு உனக்குத் தெரியும். கேக்குறது சுலபம். எது கொலகாரன் பேச்சு, எது வெறும் பேச்சுன்னு யாராச்சும் பாடம் சொல்லித் தரோணுமில்ல? முன்னால கோர்ட்டு இருந்துச்சு, வாக்குமூலம் இருந்துச்சு. அத வெச்சுப் படிச்சுது. கோர்ட்ட மூடியாச்சு. இப்ப குற்றமே நடக்கறதில்ல, நடக்கும் முன்னாலயே புடிச்சர்றோம். அப்ப கொலகாரன் எப்படிப் பேசுவான்னு அது எங்க போயிப் படிக்கும்?”

இசக்கியின் கண் மேசையில் கிடந்த எழுதுபலகைக்குப் போனது.

“நாலு கட்டந்தான் பாடம்,” என்றார் அவர். “நான் ரேகை வெச்ச மறு நிமிசம் மூணாம் கட்டத்துப் பேச்சு உள்ள போயிருது. தீர்ப்பான பக்கம் பாரு, அதுல தப்பிருக்க முடியாது. அந்தப் பேச்ச அது ஊர் முழுக்கத் தேடும்.”

போன ஆடி மாதம் சுடலைமணி என்ற லாரிக்காரனின் பக்கம் அவளிடம் வந்திருந்தது. மூன்றாம் கட்டம். உப்புக் குவியல், மண்வெட்டி, கறுப்பு நிழல். என்ன எழுதுவது என்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். உயிருள்ள பேச்சாக ஒன்று வேண்டும், கேட்டதும் ஊர் நம்ப வேண்டும். அக்காவின் வாய்தான் நினைவுக்கு வந்தது. ‘ஒன்ன உயிரோட உப்புக்குள்ள போட்டு மூடிருவேன்.’ எழுதிவிட்டு, நாற்காலியைப் பின்னால் தள்ளி, தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டாள். ஸ்டெல்லாகூட எட்டிப் பார்த்து, “ஏயப்பா, ஈரக்கொல நடுங்குது” என்றாள்.

அதற்குப் பிறகுதான் அளத்துக்குடியில் பெண்களாகத் தூக்கினார்கள். கூடை தூக்குகிற மாரிக்கனி. பால்வாடி ஆயா. மூன்று பிள்ளைக்காரி ஒருத்தி. ‘என்ன பொம்பளைகளா வருதாவ’ என்று ஸ்டெல்லாவிடம் கேட்டுக்கொண்டே அவர்கள் குமிழையும் இவள்தான் நிரப்பினாள். இன்னும் நன்றாக. இன்னும் உண்மையாக.

“உன்ற பேச்சுலதான் ஆளுக நெறைய விழுகுறாங்க,” என்றார் குழந்தைவேலு. பாராட்டாகத்தான் சொன்னார். “மத்தவங்க எழுதறது கதையாட்டம் இருக்குது. நீ எழுதறது வீட்டுப் பேச்சு. மேலிடத்துலயே கேட்டாங்க, யாரந்தப் புள்ளன்னு.”

இசக்கி தன் மடியில் கிடந்த கைகளைப் பார்த்தாள்.

“ஒரு பேச்சு அதுல ஏற எத்தன பக்கத்துல வரணும் சார்?”

“முன்ன பல பக்கத்துல வரோணும். இப்ப ஒருக்கா வந்தாலே போதும். அப்படி ஒரு பசி அதுக்கு.”

“யாரு பேசுனாலும் புடிக்குமா?”

“யாரு பேசுனாலும்.” அவர் மேலே கைகாட்டினார். கூரையில் ஒரு விளக்கு வெள்ளையாக எரிந்தது. தெருவில் எரிகிற அதே விளக்கு. தேடுகிற பேச்சை உயிருள்ள வாயிலிருந்து கேட்டுவிட்டால் மஞ்சளாக மாறும், ஒலித்துண்டுக்கு மாறாது. மாறினால் தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்கு ஓடின அவசரத்தில் இசக்கி அண்ணாந்து பார்க்கவில்லை. “இங்கயும் தொங்குது பாரு. நீ, நான், கண்ணாடித்தலைங்கற பேதமே அதுக்குக் கெடயாது. எங்க ஆளுக ரெண்டு பேரயே தூக்கியிருக்குது. அதுதான் அம்மிணி அதோட அழகு. மனுசன் கை படாத நியாயம்.”

“மனுசன் கை படாமலா? என் கை இருக்கே சார்.”

“நீ வெறும் எழுத்தரு.”

“நீங்க?”

“நான் வெறும் கண்காணிப்பு. யாரும் எதுவும் பண்றதில்ல அம்மிணி. அவங்கவங்க வேலயப் பார்க்கறோம். நீ இன்னிக்கு எழுதலீன்னா ஸ்டெல்லா எழுதும். அக்காவத் தூக்கறது நிக்காது. உன்ற சீட்டுதான் காலியாகும். நீ எழுதுனா அக்கா பேச்சாச்சும் அக்கா பேச்சாட்டம் சுவத்துல இருக்கும்.” அவர் மேசையில் கிடந்த எழுதுபலகையை அவள் பக்கம் நகர்த்தினார். “இங்கயே எழுதிரு. வெளிய போனா மனசு அலையும்.”

பலகையில் வேலம்மாள் இருந்தாள். முதல் கட்டத்தில் தூக்குவாளியைத் திறந்துகொண்டிருந்தாள். இரண்டாவதில் நிழலைப் பார்த்துக் கையை நீட்டிச் சத்தம் போட்டாள். மூன்றாவதில் உப்பை வாரி நிழலின்மேல் கொட்டிக்கொண்டிருந்தாள். இயந்திரம் நன்றாகத்தான் வரைந்திருந்தது. நெற்றிச் சுருக்கம், அளத்து வெயிலில் செம்பட்டையாகிப்போன முடி, முழங்கைத் தழும்பு. அந்தத் தழும்பு இசக்கியின் கல்லூரிக் கட்டணத்துக்காக இரட்டை ஷிப்ட் பார்த்த வருஷம் வந்தது. தலைக்கு மேலே குமிழ் வெறுமையாக இருந்தது. பக்கத்துக் கட்டத்தில் கண்ணாடித்தலை, இடுப்பில் கை, எப்போதும் சொல்கிறதைச் சொல்லிக்கொண்டு.

இசக்கி நாலாவது கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அளத்துக்குடிச் சந்தில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பிள்ளைகள் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு அலைவார்கள். அக்கா மகள் பூங்கனிக்குத் தொண்டை பெரிசு. எப்போதும் அவள்தான் கண்ணாடித்தலை. அந்தத் தொண்டை ஞாபகத்தில் இசக்கியின் விரல் ஒரு கணம் பின்வாங்கியது.

பிறகு எழுதினாள். ஒரே வரி. எழுதுவதற்கு யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

“முடிச்சிட்டேன் சார்.”

குழந்தைவேலு பலகையை வாங்கி எட்ட வைத்துப் பார்த்தார். “படம் அருமையா வந்திருக்குது. மூஞ்சி அப்படியே உன்ற சாடை.” குமிழ்ப் பக்கம் அவர் கண் போகவில்லை. என்றைக்குமே போனதில்லை. ‘உங்கூருப் பேச்சு எனக்குத் தலையுமில்ல, வாலுமில்ல’ என்று சொல்லித்தான் ஒவ்வொரு பக்கத்துக்கும் ரேகை வைப்பார். இந்தப் பக்கத்துக்கும் வைத்தார். பலகை ஒரு முறை மினுங்கி அணைந்தது.

“அக்காளக் கூட்டியார யாரு போவா?”

“சாயங்காலம் ரெண்டு பேரு போவாங்க. மருவாதியாத்தான் நடத்துவாங்க, வெசனப்படாத. வாசல்ல நின்னு, சொல்ல வேண்டியதச் சொல்லிப்போட்டுத்தான் கையப் புடிப்பாங்க. சொல்லாம ஆளத் தொடப்படாதுன்னு உத்தரவு.”

“கட்டாயம் சொல்லுவாங்களா?”

“சொல்லாம? அதுதான அவங்களுக்கு அடையாளமே.” அவர் ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தார். “நீ வீட்டுக்குப் போயி ரெண்டு நாள் இருந்துட்டு வா. வந்ததும் புதுப் புள்ளைங்களுக்கு நீதான் பாடம் எடுக்கோணும். சொல்லி வெச்சுட்டேன்.”

“வரமாட்டேன் சார்.”

“எங்க போவ?”

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். கதவைத் திறந்தாள். வராந்தாவில் ஸ்டெல்லா தன் இருக்கையிலிருந்து தலையைத் தூக்கி, என்னட்டி ஆச்சு என்று கண்ணால் கேட்டாள். இசக்கி அவள் பக்கத்தில் குனிந்து, “ஸ்டெல்லாக்கா, இன்னைக்கு வாயத் தொறக்காத. யாரு என்ன கேட்டாலும் தொறக்காத. நாலாம் கட்டத்து வரிய நாக்குலயே வைக்காத” என்றாள்.

“எதுக்குட்டி?”

“சொன்னதச் செய்யி. இல்ல, உப்புக்குள்ள போட்டு மூடிருவேன்.”

வராந்தா விளக்கு உடனே மஞ்சளானது. இசக்கி அண்ணாந்து அதைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அது ஆகும் என்று தெரிந்துதான் சொன்னாள். அக்கா பேச்சை இதற்குமேல் எச்சில் கூட்டி விழுங்க அவளால் முடியாது.

அந்த மஞ்சளைக் குழந்தைவேலுவும் பார்த்துவிட்டார். நாற்காலியிலிருந்து எழும் சத்தம் கேட்டது. வாசற்படி வரை வந்து நின்று, கோபம் கொஞ்சமும் இல்லாத, வருத்தம் தோய்ந்த குரலில் அவள் முதுகைப் பார்த்துச் சொன்னார். “உனக்காக எவ்வளவோ பார்த்தேன் அம்மிணி. இனி என்ற கையில ஒண்ணும் இல்ல. சட்டம் தன் கடமையைச் செய்யும்.”

அவருடைய அறைக்குள் தொங்கிய விளக்கு மஞ்சளானது.

அவர் அதை அண்ணாந்து பார்த்தார். விளங்கவில்லை. தேடுகிற பேச்சாக என்ன சொன்னோம் என்று அவர் உதடு அசைந்து, தான் சொன்னதையே ஒரு முறை முணுமுணுத்துப் பார்த்தது. அடுத்த விளக்கும் மஞ்சளானது. அப்போதுதான் அவர் திரும்பி மேசைமேல் கிடந்த பலகையைத் தேடி ஓடினார். மூன்றாம் கட்டத்தில், உப்பை வாரிக் கொட்டுகிற வேலம்மாளின் வாயில், ‘சட்டம் தன் கடமையைச் செய்யும்’ என்று இருந்தது. அச்சு பிசகாமல், பக்கத்துக் கட்டத்தில் இருந்தபடியே.

ஸ்டெல்லா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆபீஸ் வாசலில் காவலுக்கு நின்ற கண்ணாடித்தலைகள் இரண்டு பேர் மஞ்சளைப் பார்த்து உள்ளே ஓடினார்கள். யாரைப் பிடிக்க என்று தெரியாமல் ஓடினாலும், பிடிக்கும் முன் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் செய்வார்கள். ஒருவன் சொல்வான். அவனைப் பிடிக்க வருகிறவன் அதையே சொல்வான்.

இசக்கி படியிறங்கினாள். பின்னால் வராந்தா முழுக்க விளக்குகள் ஒவ்வொன்றாக நிறம் மாறுவது முன்னால் அவள் நிழலைச் சுற்றி விழுந்த மஞ்சளிலேயே தெரிந்தது. அவள் திரும்பவில்லை. சாயங்காலத்துக்குள் அளத்துக்குடி போய்ச் சேர வேண்டும். சட்டி கவிழ்த்த தலைகள் ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்து, அந்த வாய்களைக் கையால் மூட வேண்டும்.

வெயிலில் அவள் நடை ஓட்டமானது.